இரண்டாம் சரணத்தில் ஒரு திருத்தம்

தங்கச்சிமடம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே
மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று பாடினோம்.
கச்சான் காற்று
பாதி வரியை ராமேஸ்வரம் பக்கம் அள்ளிப்போனது.
மீதியை
சீனி சவுண்ட் சர்வீஸ் குழாய்
இருமி இருமித் துப்பியது.
எதிரே நாற்பது பேர்.
அதில் பதினொருவர் பஸ்ஸுக்கு நின்றவர்கள்.

பாட்டு நான் கட்டியது.
இரண்டாம் சரணத்தில்
சிப்பாயின் துப்பாக்கிக் குழலில்
ஒரு கொத்து மல்லிகை செருகியிருந்தேன்.
கைதட்டல் எப்போதும் அங்கேதான்.
அன்றும் விழுந்தது.
பிறகு, நிறுத்து, போரை நிறுத்து என்று
தொண்டை கிழியக் கத்தினோம்.

ஒயரைச் சுருட்டும்போது வந்தான்
நாற்றுப்பண்ணை அருளானந்து.
என்னைவிட ஆறேழு வயது இளையவன்.
நூறு மல்லிகை நாற்றுக்கு ஒரு கட்டு,
நாளுக்கு நாற்பது கட்டு கட்டுகிறவன்.
நகக்கண்ணில் ஈரமணல்.

"பாட்டு யாருக்கா கட்டுனது?"
நான்தான் என்றேன்.
"குழல்ல பூ வைக்கக் கூடாதுக்கா.
ஈரம் ஏறும். துருப்பிடிக்கும்.
விடியுமுன்ன எண்ணெய்த்துணி கட்டி இழுக்கிறது யாரு?
நான்தான்.
சுபேதார் அதை வெளிச்சத்துக்குப் பிடிச்சு
ஒத்தக் கண்ணால பாப்பாரு."
சிரித்தான். நானும் சிரித்தேன்.
அவன் முதலில் நிறுத்திக்கொண்டான்.

எண்பத்தேழில் அக்கரைக்குப் போனவன்.
தனுஷ்கோடி முனையில் நின்றால்
ராத்திரி விளக்கு தெரிகிற அதே தீவுக்கு
சென்னை போய்க் கப்பலேறி
வழியெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டு.
கம்பெனியில் தமிழ் தெரிந்தவர்கள் மூவர்.
தீபாவளி கழிந்தபோது அவன் மட்டும்.
அதனால் சோதனைச் சாவடியில் அவன் வேலை
பேசுவது.

நில்லு.
கையத் தூக்கு.
மூட்டையப் பிரி.

"எங்கம்மா என்னயச் சோத்துக்குக் கூப்புட்ட பாஷைக்கா.
இந்திக்காரன் கத்துனா பயப்படுவாங்க.
நான் சொன்னா
மூஞ்சியப் பாப்பாங்க."

பிறகு ஒயரின் மறுமுனையை எடுத்து
எனக்காகச் சுருட்டத் தொடங்கினான்.
சுருட்டிக்கொண்டே சொன்னான்:
"ஒருத்தன் நிக்கல.
சைக்கிள்ல மீன்பெட்டி.
மூணு தடவ சொன்னேன்.
எதிர்க்காத்து.
காதுல விழுந்திருக்காது."

பேருந்து வந்தது. பதினொருவரும் ஏறினார்கள்.

"பெட்டியில சூடை.
நம்ம ஊர்ச் சூடைதான்."

அவன் மனைவி செல்சியா பிறகொரு நாள்
ஐஸ் கம்பெனி வாசலில் சொன்னாள்:
பஸ்ஸைக் கைகாட்டித்தான் மறிப்பானாம்.
ஆட்டோவுக்குச் சீட்டி.
பிள்ளை நடக்கப் பழகின வயதில்
ரோட்டுக்கு ஓடியபோது
இவள் அலறினாள், தெரு அலறியது,
அவன் சத்தமே இல்லாமல் பாய்ந்து
முட்டியெலும்பு தெரியத் தேய்ந்து
தூக்கி வந்தானாம்.
"அந்த ஒரு வார்த்த அவுக வாயில வராது.
கோபம்னு நெனச்சிருந்தேன் இத்தன வருஷமா."

நான் மல்லிகையைப் பிடுங்கிவிட்டேன்.
அந்த இடத்தில் எண்ணெய்த்துணி, அதிகாலை,
வெளிச்சத்துக்குப் பிடித்த குழல்.
தாளத்தில் சரியாக உட்காரவில்லை.
தேவிபட்டினத்தில் அதைப் பாடியபோது
ஒருவரும் கைதட்டவில்லை.
முன்வரிசையில் ஒரு கிழவர் மட்டும்
செருப்பைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டார்.

கோஷத்தை என்ன செய்வது?
நிறுத்து என்பதற்கு
வேறு சொல் தேடினேன்.
ஓய்க, ஒழிக, வேண்டாம்.
எதிலும் எலும்பில்லை.
அவனிடமே கேட்டேன்.

பதில் சொல்லாமல்
ஆம்பிளிஃபயர் பெஞ்சிலிருந்து எழுந்து
கம்பத்தில் ஏறி
குழாயின் கட்டை அவிழ்த்தான்.
விரலை எச்சிலில் நனைத்துக் காற்றைப் பார்த்தான்.
காற்று போகும் பக்கம்
தெருவின் கடைக்கோடிக்கு
குழாய் வாயைத் திருப்பி இறுக்கினான்.

"இப்பச் சொல்லுங்க" என்றான் மேலிருந்தே.
"இப்ப விழும்."